உப்புப் பார்க்காத ஆணம்

அத்தியாயம் பதினொன்று

விடியுமுன்பே எழுந்து, தண்ணீரில் ஊறிக் கிடந்த புதுச் சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார் சீதேவிப்பிள்ளை. பிறகு குசினியைக் கூட்டினார். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினார். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய் வேலியோரம் கொட்டினார்.

தனுஷியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவட்டுமா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் அம்மா மனம் மாறிவிடலாம்.

மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

மட்டக்களப்புக்குப் போய் வலைநூல் வாங்கி வருகிறேன் என்று புறப்பட்ட அண்ணன் ஜெயந்தன் திரும்பி வராமல் பதினெட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா போகாத முகாம் இல்லை, நிற்காத வரிசை இல்லை. தேற்றாத்தீவில் அவர்களைப் போலப் பிள்ளையைத் தொலைத்த வீடுகள் இன்னும் இருந்தன. அந்த வீடுகளில் ஒவ்வொன்றாகப் படையல் வைத்தார்கள். இலை போட்டு, செத்தவனுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, அவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து அழுதார்கள். அழுது முடித்தவர்கள் மெல்ல மெல்ல எழுந்து வேறு வேலை பார்த்தார்கள்.

அம்மா மட்டும் வைக்கவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு யாராவது படைப்பார்களா என்று கேட்டார். அவன் எந்த நேரமும் வரலாம் என்று முன்வாசல் கேற்றுக்குப் பூட்டு வாங்கவும் விடவில்லை. ஒரு இரவுகூட வேறு வீட்டில் தங்கியதில்லை. மருமகன் ரதீஸின் தங்கை கலியாணத்துக்கு ஆரையம்பதிக்குப் போனவர், பந்தி முடியுமுன்பே பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டார்.

போன வாரம் அந்தக் கனவு வந்தது.

ஜெயந்தன் வீட்டுக்குப் பின்னால் வாவித் தண்ணீரில் முழங்கால் அளவில் நின்றானாம். தலைமுடி நனைந்திருந்ததாம். பசிக்குதும்மா என்றானாம். அவ்வளவுதான்.

விழித்த அம்மா அழவில்லை. தனுஷியாவைத் தட்டி எழுப்பி, மெதுவான குரலில் சொன்னார்.

"அவன் செத்துப்போனவனெண்டா, இவ்வளவு வருசமும் என்ட புள்ளயப் பட்டினி போட்டுட்டன், தனு."

அம்மன் கோயில் சடங்கு முடிந்து, வீட்டில் மறுபடி மீன் சமைக்கிற முதல் நாளில் படைப்பது என்று முடிவாயிற்று. இன்று அந்த நாள்.

வீட்டில் ஒரு விருந்தாளியும் இருந்தார். அதுதான் சிக்கல்.

அவர் பெயர் அங்கயற்கண்ணி. மதுரையில் மெஸ் நடத்திய அம்மாள். இப்போது மெஸ்ஸை மகனிடம் விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கிறார். பிடித்த ஊருக்கு, அடுத்த முறை தன்னைப் போன்ற பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார். கோயில், கூத்து, சாப்பாடு, வீடு, எல்லாம் பார்க்க வேண்டும். தனுஷியாவும் ரதீஸும் வீட்டின் முன்னறையை விருந்தாளிகளுக்கு விட்டு, தோணியில் வாவி காட்டி, வீட்டுச் சமையல் போட்டுத் தொழில் நடத்துகிறவர்கள். மாசியில் ஒரு கூட்டம் வந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி.

அம்மனின் கோபம் தணியத் தண்ணீர் ஊற்றும் குளிர்த்திச் சடங்கன்று அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தாள் தனுஷியா. மதுரைக்காரி என்று தெரிந்ததும் அங்கிருந்த பெண்களுக்கு ஒரே சிரிப்பு. அம்மன் கோபப்பட்டு எரித்த ஊரல்லவா. இவவுக்கும் சேர்த்து ஒரு குடம் தண்ணி ஊத்துங்கோகா என்றாள் ஒருத்தி. எங்க ஊரு இன்னும் ஆறலம்மா, வெயில் அப்படி, ரெண்டு குடமா ஊத்துங்க என்றார் அங்கயற்கண்ணி. அந்தப் பதிலிலேயே அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் அக்கா, தங்கச்சி.

ஆனாலும் இன்று என்ன நாள் என்பதை அவரிடம் சொல்ல வேண்டியவள் தனுஷியா. நேற்று இரவு சொல்லத்தான் போனாள். படையல் என்ற சொல் வரவில்லை. அந்தச் சொல்லை அண்ணனின் பெயரோடு சேர்த்து அவள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நாளைக்கு அண்ணனுக்குச் சமைக்கிறம், அன்ரி. கொஞ்சம் பிந்தித்தான் சாப்பாடு" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் ஊரிலிருந்து வருகிறார் போல என்று அங்கயற்கண்ணி எடுத்துக்கொண்டார். நல்லதும்மா, நானும் கூடமாட இருந்து கத்துக்கிறேன் என்றார்.

---

வெயில் ஏறுமுன் ரதீஸும் அங்கயற்கண்ணியும் தோணியில் திரும்பி வந்தார்கள். பையில் துடிக்கிற மணலை மீன்கள். அங்கயற்கண்ணி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கும் கண்ணா மரங்களையும் கொக்குகளையும் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கிணற்றடியில் கால் கழுவும்போது கேட்டார்.

"நடுவுல இருந்து திரும்பிப் பார்த்தப்ப, உங்க வீட்டுப் பின்னாடி ஒருத்தர் தண்ணில நின்னுட்டிருந்தாரே. கை காட்டினேன், அவர் அசையவே இல்ல. யாரும்மா அது?"

தனுஷியாவின் கையிலிருந்த வாளி நழுவிக் கிணற்றுக் கட்டில் மோதியது.

அது வலைக்கம்பு அன்ரி, தூரத்திலிருந்து ஆள் மாதிரித் தெரியும் என்றான் ரதீஸ். பிறகு, அவர் உள்ளே போனதும், இதை மாமியிட்டச் சொல்லாத என்று தனுஷியாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

அவள் சொல்லவில்லை.

---

அண்ணனின் அறையைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு வந்தது.

செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அம்மா தினமும் கூட்டுகிற அறை. தூசி இல்லை. கொசுவுக்குக் கட்டிய நுளம்புவலை முடிச்சுப்போட்டுத் தொங்கியது. கட்டிலில் இரண்டு சாரமும் ஒரு நீலச் சேட்டும் மடித்தபடி. சுவரில் அவன் புறப்பட்ட வருடத்துக் கலண்டர், அந்த மாதத்துடன் நின்றுபோனது. யன்னலைத் திறந்தபோது வாவிக்காற்று வந்து அதன் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது.

பாயை விரித்து, வாழையிலையைக் கழுவிப் போட்டாள். அம்மா கொடுத்துவிட்ட சாமான்களைப் பக்கத்தில் வைத்தாள். விளக்கு, வாழைப்பழம், ஒரு சோடாப் போத்தல். கடைசியாகப் பொட்டலத்துக்குள் ஒரு சிகரெட்டும் இருந்தது.

அண்ணன் புகைப்பது அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் அவளும் அவனும் நினைத்திருந்தார்கள்.

தனுஷியா பாயின் ஓரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் இப்படித்தான் தரையில் உட்காருவான். சோற்றுப் பீங்கானை மடியில் வைத்து, இடது கையால் சுற்றி வளைத்துக்கொண்டு சாப்பிடுவான், யாரோ பறித்துக்கொண்டு ஓடப்போவது போல. பெரியவனான பிறகும் அது மாறவில்லை. காட்டுக்குள் தின்று பழகினவன், விடு என்பார் அம்மா.

அந்தக் காட்டைத் தனுஷியாவுக்கு நினைவில்லை. அவள் அப்போது கைக்குழந்தை. மாங்கேணியில் இருந்தவர்கள் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, மரமுந்திரிகைத் தோட்டமொன்றுக்குள் ஒளிந்திருந்தார்கள். ஆற்றில் பிடித்த மீன் இருந்தது. புளி இல்லை, தேசிக்காய் இல்லை. ஏழு வயது ஜெயந்தன் தோட்டத்தில் களவாகப் பிடுங்கிய முந்திரிகைப் பழத்தை விளையாட்டாகச் சட்டிக்குள் பிழிந்துவிட்டான். அம்மா முதுகில் ஒன்று வைத்தார். பிறகு உப்புப் பார்த்தார். பிறகு பேசாமல் இன்னொரு பழத்தையும் கேட்டு வாங்கிப் பிழிந்தார்.

காவல்காரன் காதில் விழாமல் மெதுவாகச் சொல்லிச் சிரித்த பெயர், கள்ள ஆணம்.

அதன் பிறகு வீட்டில் அது பழக்கமாயிற்று. தேற்றாத்தீவுக்கு வந்து குடியேறியபோது அம்மா ஒரு கொட்டையைக் கொண்டுவந்து நட்டார். கிணற்றடி மரம் அதுதான். மீனுக்கு முந்திரிகைப் பழம் போடுகிற வீடு ஊரில் வேறு இல்லை. பக்கத்து வீட்டார் கேட்டு மூக்கைச் சுளித்தார்கள்.

ஜெயந்தன் போன பிறகு அம்மா அதைச் சமைக்கவில்லை. பழங்கள் பழுத்து விழுந்து, எறும்பு மொய்த்துப் போயின. பெயரையும் யாரும் சொல்வதில்லை. கலியாணம் கட்டி வந்த ரதீஸ் அதைக் கேள்விப்பட்டிருக்கிறானே தவிர, தின்றதில்லை.

---

குசினியில் புகை மண்டியிருந்தது. விறகு ஈரம். தனுஷியா அடுப்பை ஊதி ஊதி, கண்ணையும் நெற்றியையும் தோள் துணியால் துடைத்துக்கொண்டாள்.

அம்மா பழங்களை வெட்டி உப்பில் பிசைந்து, கயர்ப்புப் போகக் கழுவி, மறுபடி பிழிந்தார். கை தானாக வேலை செய்தது. அங்கயற்கண்ணி பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுத்தார். இது என்ன குழம்புக்கா என்று கேட்டார். மீனாணம் என்றார் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆணம் என்றால் குழம்பு என்பது அங்கயற்கண்ணிக்கு நேற்றுத்தான் தெரிய வந்திருந்தது. வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முந்திரிப்பழமாக்கா போடுறீங்க என்று கேட்டபோது மட்டும் அவர் குரலில் ஏதோ யோசனை தெரிந்தது. பிறகு தேங்காயில் கவனமாகிவிட்டார்.

சட்டி கொதித்தது. இரண்டாம் பால் ஊற்றி, மீன் துண்டுகளைப் போட்டு, கடைசியில் தலைப்பால் ஊற்றினார் அம்மா. அகப்பையைச் சட்டியின் மேல் குறுக்கே வைத்தார். அறைக்குள் விளக்கு ஏற்றுவதற்காக முகம் கழுவ வெளியே போனார்.

படையலுக்குச் சமைப்பதை யாரும் உப்புப் பார்க்க மாட்டார்கள். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அது அப்படியே போகும். முதல் வாய் செத்தவனுடையது. இந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெருப்பு சுடும் என்று யாரும் சொல்வதில்லையே. அதனால் தனுஷியாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அண்ணன் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவள் மறந்தே போனாள்.

அம்மா திரும்பி வந்து வாசல்படியில் கால் வைத்த நேரம், அங்கயற்கண்ணி அகப்பையை எடுத்தார். முப்பது வருடத்துப் பழக்கம். சட்டியில் தொட்டு, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்தார்.

தனுஷியா எழுந்தாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மிக்கா" என்றார் அங்கயற்கண்ணி.

அம்மா படியில் அப்படியே நின்றார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

அங்கயற்கண்ணி இருவரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இதை நான் சாப்பிட்டிருக்கேனே."

விறகு வெடித்தது.

"எங்க அன்ரி?" தனுஷியாவுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எங்க ஊர்ப்பக்கம்தான். கிழக்குக் கடற்கரை ரோட்டுல, ஜெகதாப்பட்டினம் தாண்டி ஒரு கீத்துக் கொட்டாய்க் கடை. போன வருஷம் சித்திரையில போனேன். இதே முந்திரிப்பழம், இதே ருசி. ஒரு பொண்ணு சமைச்சிட்டிருந்துச்சு, பேச்சு உங்க ஊர்ப் பேச்சு மாதிரி. பேரு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, கள்ள ஆணம்னு சொல்லுச்சு. ஆணம்னா என்னன்னு அப்ப தெரியல."

அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

---

கிணற்றடி மரத்தின் கீழே வைத்துத் தனுஷியா எல்லாவற்றையும் சொன்னாள். இம்முறை சொல் வந்தது. படையல், அண்ணன், கனவு. சொல்லி முடிக்கும்போது அங்கயற்கண்ணியின் முகம் வெளுத்திருந்தது. அவர் உள்ளங்கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். செத்தவங்களுக்கு வச்சதை நான் வாயில போட்டுட்டேனே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நேற்றே நான் சொல்லியிருக்க வேண்டும் என்றாள் தனுஷியா. அது அவர் காதில் ஏறவில்லை.

அம்மா எழுந்து வந்தார். நடை நிதானமாக இருந்தது. விருந்தாளியின் ஈரக்கையைப் பிடித்தார்.

"நீ ஒண்டும் பிழை செய்யல்ல, தங்கச்சி. நான் ஒண்டு கேக்கிறன். அந்தப் பொம்புளப் புள்ள பொட்டு வச்சிருந்தாளா?"

கணவனை இழந்தவள் இங்கே பொட்டு வைப்பதில்லை. கேள்வி என்ன என்பது மூவருக்கும் விளங்கியது.

அங்கயற்கண்ணி யோசித்தார். கண்ணை மூடி யோசித்தார். மண்சட்டி நினைவிருந்தது. சவுக்கு விறகு நினைவிருந்தது. மீன் பாரையா சங்கராவா என்பதுகூட நினைவிருந்தது. யாரிடம் கற்றாய் என்று கேட்டதும், வீட்டுக்காரர் ஊர்ச் சமையல் என்று அந்தப் பெண் சொன்னதும் நினைவிருந்தது. அந்த வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. நெற்றி நினைவில்லை.

"முப்பது வருஷமா அடுப்பையே பார்த்துப் பழகிட்டேன்க்கா. ஆளைப் பார்க்கத் தெரியாமப் போச்சு" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது.

பிறகுதான் படம் நினைவு வந்தது. சட்டியைப் படம் எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணும் அதில் விழுந்திருப்பாள். ஆனால் அது பழைய போனில், மதுரை வீட்டு அலுமாரியில். மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். மெஸ்ஸில் மதியக் கூட்டம், முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தேடி அனுப்புகிறேன் என்றான் மகன்.

அம்மா குசினிக்குத் திரும்பினார். ஒரு கல் உப்பை எடுத்துச் சட்டியில் போட்டார். கலக்கினார். தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்தார்.

"இப்ப சரி" என்றார்.

எல்லோருக்கும் சோறு போட்டார், விருந்தாளிக்கு முதலில். ரதீஸ் அன்றுதான் கள்ள ஆணத்தை முதன்முதலாகத் தின்றான். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அறைக்குள் இலை வெறுமையாகக் கிடந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள் தனுஷியா.

"கிடக்கட்டும்."

"கதவைச் சாத்தட்டா, அம்மா?"

"சாத்தாத."

---

பின்னேரம் ரதீஸ் கரையில் தோணித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். தனுஷியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமிக்கு ஆசை காட்டாத, தனு" என்றான் அவன். "உன்ட அண்ணன் எங்கயாவது ஒரு ஆளுக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்கலாம். அந்த ஆள் இந்தியாவுக்குப் போயிருக்கலாம். ஆணம் இரிக்கெண்டா, ஆள் இரிக்கெண்டு இல்ல."

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு முகாமில், ஒரு இரவில், பசித்த யாருக்கோ அண்ணன் இந்தக் கதையைச் சொல்லியிருப்பான். கேட்டவன் பிழைத்திருப்பான். கள்ள ஆணம் அவன் வழியாகக் கடல் தாண்டியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அப்படியும் இருக்கலாம்.

ரதீஸ் இறைப்பதை நிறுத்தினான்.

"காலையில அன்ரிக்கு வலைக்கம்பு எண்டு சொன்னன்."

"ஓம்."

"அந்த இடத்தில கம்பு இல்ல, தனு. நாம நடல்ல."

இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் தட்டையாக, வெயிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஒரு கொக்குகூட இல்லை.

வீட்டுப் பக்கமிருந்து அங்கயற்கண்ணி வேகமாக வந்தார். போனை நீட்டினார். படம் வந்துவிட்டது. அவர் திறக்கவில்லை.

"நீயே பாரும்மா. எனக்குத் தைரியம் இல்ல."

தனுஷியா எழுந்து மரத்து நிழலுக்குப் போனாள். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு படத்தைத் தொட்டாள்.

முன்னால் சட்டி. ஆணத்தின் மேல் எண்ணெய் மிதந்தது. அதன் பின்னே குனிந்து நிற்கும் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கையில் அகப்பை. முகம் தெளிவாக விழுந்திருந்தது. அறியாத முகம். நெற்றி வேர்த்து மினுங்கியது.

நெற்றியில் ஒன்றும் இல்லை.

தனுஷியா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒன்றும் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. புகையில் சிவந்த கண். கலைந்த முடி. காலையில் துடைத்துத் துடைத்துப் பொட்டு அழிந்து வெறுமையாகிப்போன நெற்றி.

அவளுக்குப் பின்னால் ரதீஸ் தோணியைக் கரையில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தான்.

"வந்திட்டா?"

அம்மா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். தனுஷியா கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. போனைத் திறந்து கொடுத்தாள்.

அம்மா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். பெண்ணின் நெற்றியில் அவர் பார்வை நிற்கக் காத்திருந்தாள் தனுஷியா. அது நிற்கவில்லை. வேறெங்கோ போய்விட்டது.

"இது ஆரு?"

விரல் படத்தின் மூலையைத் தொட்டது. தொட்டதும் படம் நகர்ந்து ஓடியது. அம்மா பதறினார். தனுஷியா அதை மீட்டு எடுத்து மூலையைப் பெரிதாக்கினாள். அவள் கவனிக்காத மூலை.

கொட்டகைக் காலில் சாய்ந்து, தரையில் ஒரு சிறுமி இருந்தாள். ஐந்து வயது இருக்கலாம். வாய் நிறையச் சோறு. மடியில் பீங்கான். அதை இடது கையால் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தாள்.

அம்மா குனிந்து பார்த்தார்.

பிள்ளைகள் பார்த்துத்தான் பழகுவார்கள் என்று தனுஷியா நினைத்தாள். பார்க்காததைப் பழக முடியாது. உடனே, கடற்கரையில் காகம் அதிகம், எந்தப் பிள்ளையும் அப்படித்தான் பிடிக்கும் என்றும் நினைத்தாள். இரண்டும் சரியாக இருந்தன.

"தின்னுது" என்றார் அம்மா. "வயிறு நிறையத் தின்னுது."

அதன் பிறகு அவர் பொட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கிணற்றடியில் தயங்கி நின்ற அங்கயற்கண்ணியிடம் போனார். வந்த நாளிலிருந்து அந்த அம்மாள்தான் எதை எடுத்தாலும் எப்படி, எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அம்மா கேட்டார்.

"தங்கச்சி, நானும் ஒருக்கா அந்தக் கடையில போய்ச் சாப்பிடோணும். எப்பிடிப் போறது?"

அங்கயற்கண்ணி தனுஷியாவைப் பார்த்தார். தனுஷியா நிலத்தைப் பார்த்தாள்.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கரைப்பக்கம் திரும்பினார்.

"மருமகன்."

"ஓம், மாமி."

"நாளைக்குக் களுவாஞ்சிக்குடிக்குப் போனா, ஒரு நல்ல பூட்டு வாங்கி வாங்க. வீட்ட விட்டுட்டுப் போறதெண்டா, கேற்றப் பூட்டோணும்."

ரதீஸ் வாங்கி வருவதாகச் சொன்னான். சொல்லும்போது அவன் மாமியைப் பார்க்கவில்லை. தோணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி, காலையில் விருந்தாளி கை காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.